ஆங்கிலமறியாமைச் சான்றிதழ்

லிஃப்ட்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. இது அவருக்குத் தெரியும், அவரோடு வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அந்த ஏழு மாடி மருத்துவமனையில் முப்பத்தொரு வருடமாக அவர் ஏற்றி இறக்கிய அத்தனை பேருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. ஆகவே அதை அவர் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

லிஃப்ட் என்று எழுதுகிறாயே, மின்தூக்கி என்று எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். அந்தச் சொல்லால் அந்த மனிதர் பட்ட பாடு போதும்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் கடந்து போனவள். அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அந்த ஊர்க்காரர்தான் மாப்பிள்ளை, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அதே மருத்துவமனையில்தான் நாலாம் மாடியில் கிடந்தாள். மேலே ஏற்றிக்கொண்டு போனவரும் அவரே, கீழே இறக்கிக்கொண்டு வந்தவரும் அவரே. அன்று முதல் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு. பகலெல்லாம் ஜனத்தோடு ஒட்டி உரசி நிற்கிற வேலைதான். ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் இறங்கிப் போவதற்காகத்தானே ஏறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் குழந்தையிடம் கொடுப்பாள். குழந்தைக்கு இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கிடையாது. “ஹலோ தாத்தா” என்பாள். இவர் “ஹலோ” என்பார். பிறகு இரண்டு பேருக்கும் வழி தெரியாது. அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். சில நாள் ஏதாவது பொம்மையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக் கிலுகிலுவென்று ஆட்டிக் காட்டுவாள். அப்புறம் “பை பை தாத்தா” என்பாள், இவரும் “பை பை” என்பார். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்.

இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. மகள் தன்னோடு வந்து இருந்துவிடச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பினாள். கடிதத்துக்கு ஆயுள் ஆறு மாதம். ஒருவரை ஒருமுறைதான் அழைக்கலாம், தவறினால் தவறியதுதான். அந்த நாட்டுச் சட்டப்படி, குடும்பத்தோடு குடியேற வருகிறவர் இங்கிலீஷ் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால், தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தன் அரசாங்கத்திடம் ஒரு சான்றிதழ் வாங்கி வரவேண்டும். வந்தால் அங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான்.

ஒருவருக்கு ஒன்று தெரியாது என்று எழுதிக் கொடுக்க எந்தச் சாதாரண அலுவலகத்துக்கும் இரண்டு நிமிடம் போதும். அதனால்தான் அந்த வேலையைச் சாதாரண அலுவலகத்திடம் கொடுக்காமல், ஆங்கிலமறியாமை உறுதிப்பாட்டு இயக்ககம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். நாலு மாடிக் கட்டடம். நூற்றுப் பத்து பேருக்கு வேலை. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. தெரியாததை யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமோ என்னவோ.

முதல் நாள் லிஃப்ட்காரர் மருத்துவமனை வேலையை முடித்துவிட்டு, சீருடையோடு நேராகப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு எழுத்தர். அவருக்குப் பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒல்லியான ஒரு பெண். அவள் கையில், பெருவிரலால் அழுத்தினால் டக் என்று ஓர் எண் ஏறுமே, கூட்டத்தை எண்ணுவதற்கு வாசலில் நிற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் குட்டி இயந்திரம். அவள் பதவியின் பெயர் எண்ணுநர்.

“மேடம், எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். பஸ் லேட்டாயிடுச்சு, ஹாஸ்பிடல்ல டூட்டி முடிச்சுட்டு நேரா வரேன். ஃபாரம் எந்தக் கவுண்டர்ல தருவாங்க?” என்று கேட்டார்.

டக் டக்கென்று ஒன்பது முறை கேட்டது. எழுத்தர் தலையைத் தூக்காமல் தொழில் என்ன என்றார். லிஃப்ட் ஆபரேட்டர் என்றார் இவர். டக், டக். ஏதோ தப்பு நடக்கிறது என்று இவருக்கு உறைத்தது. “சாரி, நான் எதாவது...” என்று ஆரம்பித்தார். டக்.

“பன்னிரண்டு” என்றாள் எண்ணுநர்.

எழுத்தர் பேனாவை மூடினார். ஐந்து நிமிட முதல்நிலை உரையாடலில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தொட்டவர் ஆங்கிலம் அறிந்தவராகக் கொள்ளப்படுவார் என்பது விதி. பெரும்பாலோர் மூன்று நிமிடமாவது தாக்குப்பிடிப்பார்கள், இவர் ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடித்துவிட்டார் என்று எழுத்தர் விளக்கினார். அவர் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. பஸ்ஸை எல்லாரும் பஸ் என்றுதானே சொல்கிறார்கள் என்று லிஃப்ட்காரர் கேட்டார். அதற்கும் இரண்டு டக். எல்லாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருப்பது இந்த இயக்ககத்துக்குப் பெரிய வேதனை என்றார் எழுத்தர். பிறகு, “ரூல்னா ரூல்தான் சார், சிஸ்டத்தை மாத்த முடியாது. வேணும்னா அப்பீல் பண்ணுங்க” என்றார். அதை எண்ணுநர் எண்ணவில்லை. ஊழியர்களுக்கு விதிவிலக்கு உண்டு.

மேல்முறையீட்டைக் கேட்பது பொருள் விளக்கக் குழு. தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் ஒரு சிறு சொற்பொழிவோடுதான் தொடங்கினார்.

“ஆங்கிலம்னா அது ஒரு மொழின்னு நினைக்கிறது பாமரத்தனம் ஐயா. நாங்க மூணு பேரும் பதினோரு வருஷமா உட்கார்ந்து அந்தச் சொல்லுக்கு இதுவரைக்கும் இருநூத்திப் பதினாலு பொருள் கண்டுபிடிச்சிருக்கோம். மொழிங்கிறது தொண்ணூத்தேழாவதா வருது. அதை இன்னும் விவாதத்துக்கு எடுக்கல. அவசரப்பட்டு முடிச்சுட்டா அப்புறம் குழு எதுக்குன்னு கேட்டுடுவாங்க.”

அதனால் மற்ற பொருள்களிலிருந்து கேட்கத் தொடங்கினார்கள். உடம்புக்கு வந்தால் என்ன மருந்து? சர்க்கரைக்கு இங்கிலீஷ் மருந்து சாப்பிடுவதாக இவர் உண்மையைச் சொன்னார். ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பிறந்த நாள் என்ன தேதி, இங்கிலீஷ் தேதியா? ஆமாம், அதுதான் பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறது. ஒன்று. என்ன காய் வாங்குகிறீர்கள்? கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். இங்கிலீஷ் காய், மூன்று. முழங்கால் வலிக்காக மருத்துவமனையில் இங்கிலீஷ் கக்கூஸில்தான் உட்காருவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்கு இரண்டு, ஏனென்றால் அது விரும்பிச் செய்வது. அலமாரியில் என்ன விரித்திருக்கிறீர்கள்? பழைய பேப்பர். எந்தப் பேப்பர்? இங்கிலீஷ் பேப்பர், அதுதான் தடியாக இருக்கும். படிக்காமல் விரித்தாலும் அது பயன்பாடுதான் என்று இடதுபக்கத்து உறுப்பினர் தீர்ப்புச் சொன்னார்.

எப்போதாவது யாராவது உங்களை இங்கிலீஷ்காரர் என்று அழைத்ததுண்டா என்பது கடைசிக் கேள்வி.

லிஃப்ட்காரருக்குப் பொய் வராது. வேலைக்குச் சேர்ந்த அன்று தொப்பியும் முழுக்கால்சட்டையுமாக வீட்டுக்கு வந்தபோது, மனைவி கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, வாங்க பெரிய இங்கிலீஷ்கார துரை, செருப்பைக் கழட்டிட்டு வருவீங்களா இல்ல அப்படியேவா என்று கேட்டாள். அதன் பிறகு கோபம் வந்தாலும் துரை, கொஞ்சினாலும் துரை.

மனைவியைச் சாட்சியாக அழைத்து வர முடியுமா என்று கேட்டார்கள். அவள் இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

நாற்பதுக்கு முப்பத்தொன்று வாங்கியிருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு மதிப்பெண் அவர் வாங்கியதே இல்லை. குழு அவரை ஆங்கிலம் உடையவர் என்று தீர்மானித்து, அப்படியானால் தேர்வு எழுதித் தேறி அந்த வழியிலேயே போய்விடலாமே என்று அன்போடு யோசனையும் சொன்னது.

எழுதினார். வேறு என்ன செய்ய? ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றில் கோடு போட வேண்டும். கேள்வித்தாளைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கை போன போக்கில் கோடு போட்டுவிட்டு வந்தார். முடிவு வந்தபோது ஐம்பதுக்குப் பூஜ்ஜியம். அந்தத் தாளைப் பார்த்து அவர் அடைந்த சந்தோஷத்தை, முதலிடம் வாங்கிய எந்தப் பிள்ளையும் அடைந்திருக்காது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இயக்ககத்துக்கு ஓடினார்.

தேர்வுப் பிரிவு அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

“ஒண்ணும் தெரியாதவன் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாக்கூடப் பத்துப் பன்னிரண்டு சரியா விழும். ஐம்பதும் தப்பாப் போடணும்னா, ஐம்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்” என்றார். “எங்க படிச்சீங்க?”

கை போன போக்கில் போட்டேன் என்றார் லிஃப்ட்காரர். தேர்வுக்கூடத்தின் கதவிலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது, பிறகு எப்படிச் சரியான கதவு வழியாக உள்ளே வந்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. முன்னால் போனவர் பின்னாலேயே போனேன் என்றார். இது எல்லாரும் சொல்வதுதான் என்று அதிகாரி கோப்பில் ஒரு வரி எழுதினார்: ‘விண்ணப்பதாரர் உயர்ந்த ஆங்கிலப் புலமையை மறைத்து வருகிறார்.’

மகள் ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். “அழாதம்மா, இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. எப்படியாவது வாங்கிடுவேன்” என்று இவர்தான் தேற்றினார்.

கடைசியாக இயக்குநரையே போய்ப் பார்த்தார். இயக்குநர் கொடுமைக்காரர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கதவைச் சாத்தினார்.

“உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? எனக்கே இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாது. நானே மூணு தடவை மனு போட்டுப் பார்த்துட்டேன். ஆங்கிலம்னு பேர்ல இருக்கிற ஆபீஸுக்குத் தலைவரா இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியாம இருக்கும்னு என் கீழ வேலை பார்க்கிறவனே திருப்பி அனுப்பிட்டான். நேர்மையான ஆபீஸ் சார் இது. பதினோரு வருஷத்துல நாலே நாலு சான்றிதழ்தான் கொடுத்திருக்கோம். ஒருத்தர் வாய் பேச முடியாதவர். ரெண்டு பேர் விசாரணை முடியறதுக்குள்ள செத்துட்டாங்க, அவங்க கடைசி நேர்காணல்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடப் பேசல. நாலாவது ஆள் மேல கேஸ் நடக்குது.”

ஒரு வழி மட்டும் மீதி இருந்தது. மூன்று மாத மொழிக் கண்காணிப்பு. அந்த மூன்று மாதமும் வாயிலிருந்து ஆங்கிலச் சொல் ஒன்றும் வரக்கூடாது. யார் என்று தெரியாத ஒரு கண்காணிப்பாளர் எந்த நேரத்திலும் அவர் லிஃப்டில் ஏறுவார், பையில் எண்ணும் இயந்திரத்தோடு. முடிவில் ஒரு நேர்காணல், அதில் கணக்கு பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். போனில் பேசுவதும் இதில் சேர்த்தியா என்று லிஃப்ட்காரர் கேட்டார். போனில் பேசினாலும் வாயால்தானே பேசுகிறீர்கள் என்றார் இயக்குநர். கூடவே எண்ணாயிரம் சொல் அடங்கிய ஒரு புத்தகமும் கொடுத்தனுப்பினார், எந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று.

அறுபது வயதை எட்டிப் பிடிக்கப் போகிற மனிதர், கட்டிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். பஸ் பேருந்து. டிக்கெட் பயணச்சீட்டு. சுவிட்ச் சொடுக்கி. அவர் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தது ஒரு மின்தூக்கியில் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

முதல் வாரம் மருத்துவமனைக்கே வேடிக்கையாகிவிட்டது. தேர்ட் ஃப்ளோர் என்று ஏறுகிறவர்களிடம், “மூன்றாம் தளம்தானே?” என்று கேட்டார். நாடகத்தில் நடிக்கிறாரா என்று ஒரு பெண்மணி விசாரித்தார். ஒரு நோயாளி பயந்துபோய் இறங்கிப் படியேறிப் போனார். நாலாம் மாடி நர்ஸ் இருக்கிறாளே, அவர் மனைவியைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள், அவள் தினமும் ஏறும்போது ஒரு கதை, இறங்கும்போது ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறவள். அவளை நர்ஸம்மா என்று கூப்பிடத்தான் இவருக்குத் தெரியும். செவிலியரே என்று கூப்பிட்டார். அவள் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாதத்தில் பேச்சைக் குறைத்துவிட்டார். ஏறுகிறவர்களில் யார் கண்காணிப்பாளர் என்று எப்படித் தெரியும்? தொப்பி போட்டவரா, பழப்பை வைத்திருக்கிற கிழவியா, தூங்கிவழியும் இளைஞனா? எல்லாருடைய பையையும் பார்த்தார். எல்லாருடைய பெருவிரலையும் பார்த்தார். சொல்லத் தெரிந்த சொல்லுக்கும் நடுவில் ஏதாவது வழுக்கி விழுந்துவிடுமோ என்று பயந்து, பிறகு விரலை மட்டும் காட்ட ஆரம்பித்தார். ஒரு விரல் என்றால் முதல் மாடி, இரண்டு என்றால் இரண்டாவது. நன்றாகத்தான் நடந்தது வேலை. கதை சொல்ல வந்த நர்ஸ் ஒரு வாரம் பார்த்தாள், பிறகு படியில் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டிலோ பேச ஆளில்லை. சில நாள் காலையில் எழுந்து இராத்திரி படுக்கிறவரை ஒரு சொல்கூட வாயிலிருந்து வராமல் போயிற்று. தனியாக இருப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் தன் குரலே தன்னைவிட்டுப் போனது அவருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் பானைக்குள் குனிந்து தண்ணீர் மொள்ளும்போது தொண்டையைக் கனைத்தார். யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. “ஹலோ தாத்தா” என்பாள் குழந்தை. “வணக்கம் கண்ணு” என்பார் இவர். மறுபக்கம் கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம். மறுபடி “ஹலோ?” என்று கேட்பாள், நீ யார் என்று கேட்கிற மாதிரி. மகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இயக்ககம் என்றால் என்ன புரியும்? மூன்றாவது வாரத்தில் பொம்மையை ஆட்டிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். ஏழாவது வாரத்திலிருந்து போனுக்கே வரவில்லை. விளையாடப் போயிருக்கிறாள் என்பாள் மகள். ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில் விளையாடப் போனாள்.

இன்னும் கொஞ்ச நாள்தானே, நேரில் போய்விட்டால் மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆயிரம் ஹலோ சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அழைப்புக் கடிதம் காலாவதியாக ஐந்து நாள் இருக்கும்போது நேர்காணல். இயக்குநர், தேர்வு அதிகாரி, குழுத் தலைவர் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எண்ணுநர். பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தாள். மேசை நடுவில் ஸ்பீக்கர் வைத்த ஒரு போன். கண்காணிப்பாளர் பதினேழு முறை லிஃப்டில் ஏறியிருக்கிறார், விண்ணப்பதாரர் பதினேழு முறையும் விரலைத்தான் காட்டினார் என்று அறிக்கை படித்தார்கள். எந்த முகம் அது என்று லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

எதில் வந்தீர்கள் என்றார்கள். “பேருந்து” என்றார். தொழில்? “மின்தூக்கி இயக்குபவர்.” எங்கே? “மருத்துவமனையில்.” எண்ணுநரின் விரல் அசையவில்லை. பிறகு, அழைக்கிற வீட்டில் இருக்கும் எல்லாருடைய குரலையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், அதுதான் கடைசிப் படி என்று இயக்குநர் மகளுடைய எண்ணைச் சுழற்றச் சொன்னார்.

மகள் தந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறுதி சொன்னாள். மாப்பிள்ளை ஏதோ சொன்னார், அது பதிவாயிற்று. அப்புறம் குழந்தையிடம் கொடுத்தார்கள். ஏழு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரல் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது.

“ஹலோ தாத்தா?”

வணக்கம் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. மற்றதைச் சொன்னால் எல்லாம் போயிற்று. லிஃப்ட்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஹலோ? ஹலோ தாத்தா?”

இன்னும் ஒரு முறை கேட்டாள். அப்புறம் முகத்தைத் திருப்பி அம்மாவிடம் ஏதோ சொன்னாள். நாலைந்து சொல்தான், ஆனால் குரல் தேய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, பிறகு பேசுகிறேன் அப்பா என்று மகள் வைத்துவிட்டாள்.

“பூஜ்ஜியம்” என்றாள் எண்ணுநர்.

மூன்று அதிகாரிகளும் எழுந்து கைதட்டினார்கள். பதினோரு வருடத்தில் இது ஐந்தாவது சான்றிதழ். இயக்குநர் சான்றிதழில் முத்திரை குத்தி, ஒரு குழந்தையின் குரலுக்குக்கூட அசையாத இந்த மனிதர்தான் இயக்ககம் இத்தனை காலமாகத் தேடிய முன்மாதிரி, இவர் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பேசினார். வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே போகிறவரை எண்ணிக்கை நடப்பில் இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் சான்றிதழை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பேத்தி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்.

இயக்குநர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலைவரைப் பார்த்தார். அது ஆங்கிலத்தில் அல்லவா இருந்தது, அதைப் புரிந்துகொள்வது எங்கள் வரம்பில் வராது என்றார் இயக்குநர். எழுதிக் கொடுத்தால் இருநூற்றுப் பதினாலு பொருளிலும் தேடிப் பார்த்து ஆறு மாதத்தில் பதில் அனுப்பலாம் என்றார் தலைவர். பிறகு மூன்று பேரும், படத்துக்கு எந்தச் சுவர் நல்லது என்று பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

எண்ணுநர் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். “எனக்குத் தெரியும்னு யாருக்கும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எல்லா ஃபைலையும் என் தலையில கட்டிடுவாங்க.” பிறகு சொன்னாள்: “அங்க யாருமே இல்லம்மா, அப்படின்னு சொல்லுச்சு உங்க பாப்பா.”

லிஃப்ட்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சான்றிதழை மேசைமேல் வைத்தார். போனைத் தன் பக்கம் இழுத்து ரிசீவரை எடுத்து, மகளுடைய எண்ணை அவரே சுழற்றினார். ஒருமுறை தப்பாகப் போயிற்று, மறுபடி சுழற்றினார். சத்தம் கேட்டு இயக்குநர் திரும்பி வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். குறுக்கே விழுந்து தடுக்க அவர்களுக்கு விதி இல்லை. எண்ணுநரைப் பார்த்தார்கள், அவள் இயந்திரத்தைக் கையில் எடுத்தாள். இயக்குநர் பக்கத்திலேயே நிற்கும்போது அவள் வேறு என்ன செய்வாள்?

மறுபக்கத்தில் குழந்தைதான் எடுத்தாள்.

“ஹலோ” என்றார் லிஃப்ட்காரர். டக். பல நாள் பேசாத குரல் கரகரத்தது. “ஹலோ கண்ணு. ஹலோ. ஹலோ.” டக், டக், டக்.

கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு “தாத்தா!” என்று ஒரு கத்தல், அதற்குப் பின்னாலேயே மடை திறந்தது. ஏழு வாரமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பற்றியா, பொம்மையைப் பற்றியா, அவர்மேல் இருந்த கோபத்தைப் பற்றியா, யாருக்குத் தெரியும்? அவள் நிறுத்தும் இடத்திலெல்லாம் இவர் ஹலோ என்றார். அவள் சிரித்தாள், மறுபடி ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்னால் மகள் கூப்பிடுவது கேட்டது, அவள் காதில் வாங்கவில்லை.

இயக்குநர் சான்றிதழை எடுத்துக் குறுக்கே இரண்டு கோடு போட்டார். அவருக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம்தான். ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. கோப்பைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதினார்: ‘விண்ணப்பதாரர் வெளிநாட்டில் உள்ள ஒருவருடன் பதினோரு நிமிடம் ஆங்கிலத்தில் சரளமாக உரையாடினார். ஆங்கிலம் நன்கு அறிந்தவர்.’

லிஃப்ட்காரருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ரிசீவரைக் காதோடு சேர்த்து இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தார்.